இப்போது கேட்டுக்கொண்டிருப்பது

இரண்டாவது சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுகிறோம். 2015க்குப் பிறகு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறையாகிவிட்டதால் நாள் எனக்குத் தோதாக அமைந்தது. மற்றவர்கள் எனக்காக ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கிறார். ஒருவர் கணபதிப் பக்கம் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். ஒருவர் கவிஞர், வேறு தொழிலும் உண்டு, அதைச் சொன்னால் வருத்தப்படுவார். எல்லோருக்கும் சங்கீதப் பைத்தியம். கூடினாலும் அங்கே சங்கீதம் கேட்பது அபூர்வம். கவிஞர் வீட்டு மொட்டை மாடியில் கரண்ட் வசதி இல்லை என்பது ஒரு காரணம். பாட்டு ஓடினால் பேச்சு நின்றுவிடும் என்பது மற்றொன்று.

டீ வந்ததும் கேள்வி சுற்றிவரும். "இப்ப என்ன கேட்டுட்டிருக்கீங்க?" ஒவ்வொருவரும் ஒரு ஆல்பத்தின் பெயரைச் சொல்வோம். க்ளென் கூல்டின் கோல்ட்பர்க் என்பார் தத்துவ ஆசிரியர். எந்தக் கோல்ட்பர்க், 1955ல் பதிவு செய்ததா, 1981ல் பதிவு செய்ததா என்று கவிஞர் உடனே கேட்பார். முதலாவது 38 நிமிஷம், இரண்டாவது 51 நிமிஷம். இளமையின் வேகமா, மரணத்துக்கு முந்திய நிதானமா என்று அரைமணி நேரம் போகும். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்டவர் எங்களில் யாராவது உண்டா என்பது எனக்குச் சந்தேகம். பட்டறைக்காரர் மட்டும் பல மாதங்களாக இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டையே சொல்லிவருகிறார். 1986ல் வந்தது, தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பிக்கப்பட்டது என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. லேத் ஓடும் சத்தத்தில் அந்த வயலின்கள்தான் காதுக்கு எட்டுகின்றன என்பது அவர் சொல்லும் காரணம். எங்களில் நேர்மையானவர் அவர்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. அப்போது அவரைக் கொஞ்சம் மட்டமாகவே நினைத்திருந்தேன்.

இந்தக் கேள்வியையும் பதிலையும் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இது ஒரு ஒழுக்கப் பிரச்னை என்று சொன்னால் சிரிப்பு வரலாம். ஒருவன் தான் என்ன சங்கீதம் கேட்கிறான் என்று சொல்வதில் ஒழுக்கம் எங்கே வந்தது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன்.

முதலில் அந்த வாக்கியத்தின் இலக்கணம். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்கிற கணத்தில் சொல்பவன் எதையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை, டீ குடித்துக்கொண்டிருக்கிறான். நிகழ்காலம் போலத் தோன்றும் இது ஒரு பருவத்தைக் குறிக்கிறது. 'இது நல்ல ஆல்பம்' என்று அவன் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்லியாக வேண்டும். 'எனக்கு இது பிடிக்கும்' என்றும் சொல்லவில்லை. அது வெறும் அந்தரங்கம், அதைச் சொல்ல மொட்டை மாடி ஏறவேண்டிய அவசியமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சௌகரியமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே உட்கார்ந்துகொள்கிறான்.

காண்ட் 1790ல் வெளியிட்ட மூன்றாவது விமர்சன நூலில் இந்த இரண்டு கரைகளையும் தெளிவாக வரைந்திருக்கிறார். கனேரித் தீவு ஒயின் நன்றாயிருக்கிறது என்று ஒருவன் சொன்னால் 'எனக்கு' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்கச் சொன்னால் அவன் கோபிக்க மாட்டான். ஆனால் ஒரு பொருள் அழகானது என்று சொல்கிறவன் 'எனக்கு மட்டும் அழகு' என்று சொல்ல முடியாது. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நிரூபிக்க முடியாத கோரிக்கை, ஆனால் கைவிடவும் முடியாதது. அதே நூலில் சங்கீதத்தைப் பற்றி அவர் ஒரு புகாரும் சொல்கிறார். சட்டைப் பையிலிருந்து வாசனைக் கைக்குட்டையை எடுக்கிறவன் சுற்றியிருக்கிற எல்லோர் மூக்கிலும் அந்த வாசனையைத் திணிப்பதுபோல, சங்கீதம் வேண்டாதவர் காதுக்குள்ளும் போய்விடுகிறதாம். மார்கழி விடியலில் எங்கள் தெரு ஒலிபெருக்கியைக் கேட்டிருந்தால் அவர் இன்னும் கடுமையாக எழுதியிருப்பார்.

காண்ட்டின் புகாருக்கு இன்று காதில் செருகும் கருவி தீர்வு சொல்லிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பீத்தோவன் கேட்கிறாரா, பங்குச் சந்தை உபதேசம் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கைக்குட்டை பைக்குள்ளேயே இருக்கிறது. வாசனை போனதும் மிச்சமிருப்பது, 'என் பையில் இன்ன வாசனை இருக்கிறது' என்ற அறிவிப்பு மட்டும். காண்ட் வரைந்த இரண்டு கரைகளுக்குள் இந்த அறிவிப்பு அடங்கவில்லை என்பதுதான் என் எண்ணம். இது சுகத்தைச் சொல்வதும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இது சாட்சி. 'நான் அங்கே இருந்தேன், இதைக் கேட்டேன்' என்று ஒருவன் சொல்வது. சாட்சிக்கு உரிய நியாயங்களும் குற்றங்களும் இதற்கும் உண்டு என்று நான் வாதிக்கப்போகிறேன்.

கூட்டத்தோடு கேட்ட காலத்தில் சாட்சி சொல்ல வேண்டிய தேவை குறைவாக இருந்தது. சபாவில் உட்கார்ந்திருப்பவரின் கேள்வி ஞானம் அவர் தொடையில் தெரியும். தாளம் போடும் கை தீர்மானத்தின்போது சரியாகச் சமத்தில் விழவேண்டும். பாவனைக்காரனின் கை ஒரு அட்சரம் தள்ளி விழும், பக்கத்து நாற்காலிக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துவிடுவார். தலையாட்டுவதில் ஏமாற்றலாம், 'ச்சு' கொட்டுவதில் ஏமாற்றலாம், மிஸ்ர சாப்பில் ஏமாற்றுவது கஷ்டம். அந்தப் பழைய உலகத்தை நான் புகழவில்லை. அங்கே யார் உட்காரலாம், யார் வாசலோடு நிற்கவேண்டும் என்பதற்கும் கணக்குகள் இருந்தன. கேட்பது என்ற காரியம் அங்கே உடம்பில் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஆல்பத்தின் பெயரைச் சொல்பவனுக்குத் தாளம் தப்புவதே இல்லை.

ஆல்பம் என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷம்தான் கொள்ளும். ஒரு சிம்ஃபனி முழுவதும் வேண்டுமென்றால் பல தட்டுகள். அவற்றைப் புகைப்பட ஆல்பம் போன்ற தடித்த அட்டைப் புத்தகத்தில், ஒவ்வொரு உறையிலும் ஒன்றாகச் செருகி விற்றார்கள். 1948ல் கொலம்பியா கம்பெனி நீண்ட நேரத் தட்டைக் கொண்டுவந்ததும் அந்தப் புத்தகம் ஒரே தட்டாகச் சுருங்கியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. குடும்பப் புகைப்பட ஆல்பத்தை விருந்தாளியிடம் கொடுக்கிறவர் பார்ப்பது ஆல்பத்தை அல்ல, விருந்தாளியின் முகத்தை. சங்கீத ஆல்பத்தின் பெயரைச் சொல்லும்போது நாங்களும் அப்படித்தான் எதிராளியின் முகத்தைப் பார்க்கிறோம்.

பாவனையைப் பற்றி எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டு, நான் குமாஸ்தா. பி.ஏ. ஆங்கிலத்தில் எனக்கு ஃபார்ஸ்டரின் 'ஹோவர்ட்ஸ் எண்ட்' பாடம். 1910ல் வந்த நாவல். ஐந்தாவது அத்தியாயத்தில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்ஃபனி நடக்கிறது. ஒருத்தி யாருக்கும் தெரியாமல் தாளம் தட்டுகிறாள். ஹெலனுக்குப் பூதங்கள் தெரிகின்றன. அவள் அக்காள் மார்கரெட்டுக்கு சங்கீதம் மட்டும் கேட்கிறது. தம்பி மடியில் ஸ்வரப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறான். அருகில் லெனர்ட் பாஸ்ட் என்ற இன்ஷூரன்ஸ் குமாஸ்தா. பாதியில் எழுந்துபோன ஹெலன் தவறுதலாக அவன் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். பிறகு மார்கரெட் அவனோடு நடந்துகொண்டே சங்கீதம், ஓவியம் என்று பேசுகிறாள். அவனுக்கு அந்தப் பிறமொழிப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்ற கவலை, அதற்கும் அடியில் விடாமல் குடையைப் பற்றிய கவலை. வகுப்பில் இதைச் சிரிப்புக்குரிய பகுதியாக நடத்தினார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் பாஸ்ட் புத்தக அலமாரி மேலே சரிந்து விழ, இதயம் நின்று சாகிறான் என்பதைப் படித்த இரவு சிரிக்க முடியவில்லை. ஃபார்ஸ்டருக்கு அவன் மேல் அனுதாபம் உண்டு, ஆனால் அந்த அனுதாபம் கொஞ்சம் உயரத்திலிருந்து வருகிறது. நாவலில் யாரும் அவனிடம் 'இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?' என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் 'குடை' என்று அவன் சொல்லியிருக்க மாட்டான். பீத்தோவன் என்றுதான் சொல்லியிருப்பான். நானும் அதையே செய்தேன்.

மார்ச் மாதம் வங்கியில் எப்படியிருக்கும் என்று வங்கி ஊழியர் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். வருஷ முடிவுக் கணக்கு. இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து மோர் சோறு சாப்பிட்டுப் படுத்தால் காதில் விழுவது மின்விசிறியின் சத்தம் மட்டும். அந்த மார்ச்சில் நான் ஒரு பாட்டும் கேட்கவில்லை. ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை கேள்வி என்னிடம் வந்தது. 'ஒன்றும் கேட்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். அங்கே கூடியவர்களில் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று விதி இல்லை, ஆனாலும் நாக்கு எழவில்லை. "எம்.டி. ராமநாதனோட பழைய கச்சேரி ஒண்ணு. அதுல ஒரு சஹானா" என்றேன்.

அந்தப் பதிவைத் தத்துவ ஆசிரியர் ஆறு மாதம் முன்பே எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். முதல் மூன்று நிமிஷம் கேட்டு நிறுத்தி வைத்திருந்தேன். பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை, வியாக்கியானமும் செய்தேன். அவர் பாடுவதைவிடப் பாடாமல் விடுகிற இடங்கள்தான் முக்கியம், அந்த மௌனத்துக்குள்தான் சஹானா இருக்கிறது என்றேன். கவிஞர் தலையசைத்தார்.

நம்முடைய பத்திரிகைகளில் பழகியவர்களுக்கு இந்த வியாக்கியானம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மௌனம் என்ற சொல்லை நாம் எவ்வளவு மலிவாக்கிவிட்டோம்! கவிதையில் வரிகளுக்கிடையில் மௌனம், கதையில் சொல்லாமல் விட்ட மௌனம், ஓவியத்தில் வெள்ளையாக விட்ட இடத்தில் மௌனம். எதையும் படிக்காமல், பார்க்காமல், கேட்காமல் சொல்லக்கூடிய ஒரே விமர்சனம் அதுதான். தப்பாகவும் போகாது. 1984ல் மறைந்த ராமநாதன், கீழ் சுருதியில், எவரும் துணியாத விளம்ப காலத்தில் பாடியவர். அவர் இருந்தபோது சபாக்காரர்கள் பலருக்கு அந்த நிதானம் பொறுக்கவில்லை என்பார்கள். இப்போது நம்மைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு அடையாள அட்டை. கூட்டத்துக்குப் பிடிக்காதவரைப் பிடிக்கும் என்று சொல்வதில் ஒரு பத்திரமான கௌரவம் இருக்கிறது. அவருடைய சங்கீதத்துக்கும் அந்த அட்டைக்கும் சம்பந்தம் இல்லை. அதற்காக அவரை நொந்துகொள்ள முடியாது.

அன்று அங்கே புதிதாக ஒருவர் இருந்தார். எங்கள் கிளையில் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்தான் அழைத்துப்போனேன். மஞ்சப்ரா பாலக்காட்டுப் பக்கம்தான், ராமநாதனை நேரில் கேட்டிருப்பீர்கள் என்று யாரோ கேட்க, "எங்கீங்க, நமக்கு அந்தக் காலத்துல டி.எம்.எஸ்.தானுங்க" என்று சிரித்தார். அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் வங்கியில் புதுக் கணக்கு துவங்க ஏற்கனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டும். இவரை நான் அறிவேன் என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் போட மாட்டார். மேனேஜரின் மைத்துனருக்கே போடவில்லை என்று கிளையில் ஒரு கதை உண்டு. "மூஞ்சி தெரியுமுங்க, ஆளைத் தெரியாதுங்களே" என்றாராம்.

ஜூன் மாதம் ஒருநாள் பென்ஷன் விஷயமாகக் கிளைக்கு வந்தவர் என் மேஜை முன்னால் உட்கார்ந்தார். "தம்பி, நீங்க சொன்ன அந்த சஹானாவ ரெண்டு மாசமா கேட்டுட்டிருக்கறனுங்க" என்றார். தினமும் காலையில் நடந்துவிட்டு வந்து, ஒரு மணி நேரம். அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வயதினால் வரும் செவிட்டுத்தன்மையில் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் உயிரெழுத்து நிற்கும், ச, ஸ, த போன்றவை கரைந்துவிடும். அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. டி.எம்.எஸ். பாட்டுக்களில் வார்த்தை போய்விட்டது, கேட்கவே வருத்தமாயிருந்தது, இந்தக் குரல் மட்டும் அடியிலிருந்து முழுசாக வருகிறது என்றார். "ஆ... ன்னு அவரு இழுக்கறது அப்படியே உள்ள எறங்குதுங்க. வார்த்தையே வேண்டாம்ங்க."

நான் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பொய் ஒருவருக்கு நன்மை செய்திருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. அப்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஒண்ணு கேக்கோணும். ஆலாபனையில ஒரு மூணு எடத்துல அவரு நிறுத்திப்போடறாரு. ஒண்ணுமே வர்றதில்லீங்க. அப்புறம் திரும்ப ஆரம்பிக்கறாரு. அது அவரு நிறுத்தறதுதானுங்களே? இல்ல எனக்குத்தான் காது போயிப்போயி வருதுங்களா? நீங்க சொன்னீங்களே, நிறுத்தற எடந்தான் முக்கியம்னு. அதனாலதான் கேக்கறனுங்க."

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. கவுண்டரில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். "ஆமாங்க சார், அங்க அவர்தான் நிறுத்துறார்" என்றேன். "அப்பச் செரி" என்று எழுந்தார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன். அன்றைக்கு அதுவும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இந்த இடத்தில் வேறொரு பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959ல் வெளிவந்தது. நியூயார்க்கில் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாட்களில் பதிவானது. மார்ச் 2 அன்று பதிவு செய்த டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சங்கீதம் கொஞ்சம் வேகமாகவும், சுருதி கொஞ்சம் ஏறியும் வரும். தட்டின் முதல் பக்கத்திலுள்ள மூன்று உருப்படிகளும் அப்படியே அச்சாயின. ஜாஸ் சரித்திரத்தில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட தட்டுகளில் ஒன்று அது. முப்பது வருஷத்துக்கு மேல் உலகமெங்கும் ரசிகர்கள் ஒருவருக்கொருவர் 'இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லியிருப்பார்கள், மற்றவர் 'நானும்தான்' என்றிருப்பார். இருவரும் ஒரே பிழையைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஒற்றுமை எதையும் நிரூபிக்கவில்லை. அன்று பாதுகாப்புக்காக இரண்டாவது மெஷின் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அது சரியான வேகத்தில் ஓடியது. 1992ல் அந்த இரண்டாவது நாடாவிலிருந்துதான் பதிவைத் திருத்தி வெளியிட்டார்கள்.

பிழையான சுருதியில் கேட்டு உருகியவர்களின் அனுபவம் பொய்யா என்று எங்கள் மாடியில் ஒரு தடவை விவாதம் நடந்தது. பொய் இல்லை என்ற கட்சியில் நான் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். அனுபவத்தைப் பொய் என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த விவாதத்தில் நாங்கள் எல்லோரும் ரசிகரைப் பற்றியே பேசினோம். இரண்டாவது மெஷினைப் பற்றி யாரும் பேசவில்லை. அது என்ன ரசித்தது? ஒன்றுமில்லை. ஓடியது, அவ்வளவுதான். தன்னை யாராவது என்றைக்காவது கேட்பார்கள் என்று தெரியாமல் ஒழுங்காக ஓடியது.

காசாளர் என்னிடம் கேட்டது என் ரசனையை அல்ல. தன் காதை என் காதோடு ஒத்துப்பார்க்க வந்தார், இரண்டு பேர் எண்ணிச் சரிபார்க்கும் பணக்கட்டு மாதிரி. ஒருவருடைய கேள்வியைச் சரிபார்க்க இன்னொருவருடைய கேள்வியைத் தவிர வேறு கருவி எளிதில் கிடைக்காது. கைபேசியில் பாட்டு தரும் நிறுவனங்கள் வருஷக் கடைசியில் நீங்கள் எதை எத்தனை நேரம் கேட்டீர்கள் என்று ஒரு கணக்கு அனுப்புகின்றன. ஸ்பாட்டிஃபை 2016லிருந்து அனுப்புகிறது. எங்களில் சிலர் அதைப் பார்த்துக் கூசியதுண்டு, மாடியில் சொன்ன பெயர்களுக்கும் அதற்கும் ஒட்டும் உறவும் இல்லை என்பதால். பொய் சொல்லாத கணக்குதான், ஆனாலும் அது சாட்சி அல்ல. பாட்டை ஓடவிட்டு நான் தூங்கியிருந்தாலும் கேட்டதாகவே எழுதிக்கொள்ளும். கேட்டேன் என்று சொல்ல ஒரு மனிதன்தான் வேண்டும். அந்த மனிதன் இந்த விஷயத்தில் பொய் சொன்னால் கண்டுபிடிக்க வழி கிடையாது என்பதே அவன் பொய் சொல்லக்கூடாது என்பதற்குக் காரணம். ரசனையில் பொய் சொல்வது அற்பமான காரியம், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைக்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மூடிவிடலாம். ஓவியத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று நகரலாம். சங்கீதம் அதற்குரிய நேரத்தை முழுசாக வாங்கிக்கொள்ளும். என் சொல்லை நம்பி ஒருவர் அறுபது நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார். அதுவும் குறைந்துகொண்டே வரும் இருப்பிலிருந்து எடுத்து.

அன்று இரவு அந்தப் பதிவை முழுசாகக் கேட்டேன். பழைய பதிவு, வயலின் மைக்கிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆலாபனையில் மூன்று இடங்களில் ராமநாதன் நிறுத்துகிறார் என்பது உண்மை. அந்த மூன்று இடத்திலும் வயலின் வாசித்துக்கொண்டிருக்கிறது. மெல்லிசாக, அவர் விட்ட சொற்றொடரை எடுத்து, மேலே கொண்டுபோய், திருப்பி அவர் கையில் கொடுப்பதுபோல் வாசிக்கிறார் அந்த வித்வான். மௌனம் என்று எதுவும் அங்கே இல்லை.

மறுநாளே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்தேன் என்பதைவிட, சொன்னால் நான் என்னவாவேன் என்று யோசித்தேன் என்பதே சரி. பிறகு அதற்கு ஒரு தத்துவமும் தயார் செய்துகொண்டேன். அவருக்கு அங்கே மௌனம் கிடைத்திருக்கிறது, அது அவருடைய அனுபவம், அதைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை என்று. நல்ல தத்துவம்தான். கைண்ட் ஆஃப் ப்ளூ விவாதத்தில் நான் சொன்ன அதே வாதம். வேறொருவரிடமிருந்து வந்திருந்தால் இதே பத்திரிகையில் அதை ஆதரித்துப் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன். என்னுடைய வாயிலிருந்து வந்ததால் நாற்றம் தெரிந்தது.

டிசம்பரில் சென்னையிலிருந்து வந்த மகள் அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனாள். பரிசோதனைத் தாளில் கோடு இடமிருந்து வலமாக மாடிப்படி மாதிரி இறங்கியிருந்ததாம். ஜூனிலேயே போவதாக இருந்தது, தான்தான் தள்ளிப்போட்டேன் என்று அவர் என்னிடம் சொன்னபோது குற்றம் சாட்டும் தொனி ஏதும் இல்லை. முன்னால் வந்திருந்தால் காது பிழைத்திருக்கும் என்பதும் இல்லை. போனது திரும்பி வராத ரகம். ஆறு மாதம் முன்னதாகக் கருவி கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்தில் பேத்தி பேசக் கற்றுக்கொண்டாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

பொங்கல் கழிந்து அவர் வீட்டுக்குப் போனேன். கருவி மேஜையில் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. பேச்சுக்காகச் செய்தது, பாட்டுக்கு ஒத்துவரவில்லை, எல்லாம் தகரத்தில் கேட்பதுபோல் இருக்கிறது என்று கழற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தம்பி, அந்த சஹானாவ இதப் போட்டுட்டுக் கேட்டுப் பாத்தனுங்க. அந்த நிறுத்தற எடத்துல என்னமோ குறுக்க ஓடுது. மெஷின் சத்தமா வேறெதுமா தெரியலீங்க."

"பிடில்ங்க சார்."

"பிடிலா?"

"ஆமாங்க. அவர் நிறுத்துறப்ப பிடில் வாசிக்கிறாங்க. மூணு இடத்துலயும்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அன்னைக்கு நீங்க நிறுத்தம்னு சொன்னீங்களே."

"அன்னைக்கு நான் கேட்டிருக்கலைங்க சார். ஏப்ரல்ல சொன்னப்பவும் கேட்டிருக்கலை."

உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"இப்பக் கேட்டாச்சுங்களா?"

"கேட்டாச்சுங்க சார்."

"செரி, குடிங்க. ஆறிரும்."

பிறகு பென்ஷன் கணக்கில் டி.டி.எஸ். பிடித்தது பற்றிக் கேட்டார். படிவம் எதைக் கொடுக்கவேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். எழுதினதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை கேள்வி என்னிடம் வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை என்றேன். பட்டறைக்காரர் மட்டும் ஏன் என்று கேட்டார். காசாளர் அன்று வரவில்லை. பேத்திக்குக் காதுகுத்து என்று தகவல் அனுப்பியிருந்தார். அது உண்மைதான், எனக்கும் பத்திரிகை வந்திருந்தது.